தொண்ணூறிலும் வளரும் தசை

முதுமையில் கால்கள் தளர்வதும், நாற்காலியிலிருந்து எழக் கையூன்ற வேண்டியிருப்பதும், படிக்கட்டைக் கண்டால் தயங்குவதும் வயதின் இயல்பு என்றே நெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்தன. மருத்துவத் துறையும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. எலும்புத் தேய்வுக்கும் இதய நோய்க்கும் பெயரும் மருந்தும் இருந்த காலத்தில், தசை கரைந்து போவதற்கு வழக்கில் ஒரு பெயர்கூட இல்லை. 1980களின் இறுதியில் அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர் இர்வின் ரோசன்பெர்க் அதற்குச் 'சார்கோபீனியா' என்று பெயரிட்டார். வயது ஏற ஏறத் தசையின் அளவும் வலிமையும் குறையும் இந்தத் தசை நலிவு, அதன் பின்னரே தனித்து ஆராயப்படும் பொருளாயிற்று.

தசை ஒரே வகை இழைகளால் ஆனதன்று. நெடுநேரம் நிற்கவும் நடக்கவும் உதவும் மெதுவிழைகளும், கண்ணிமைக்கும் நேரத்தில் பெரும் விசையைத் தரும் விரைவிழைகளும் அதில் கலந்திருக்கின்றன. முதுமையில் மிகுதியாகச் சுருங்குவன பின்னவையே. இதனால்தான், வீட்டுக்குள் மெல்ல நடமாடக்கூடிய முதியவர் ஈரத்தரையில் கால் வழுக்கும்போது மறுகாலைச் சட்டென முன்வைத்துத் தாங்க இயலாமல் விழுந்துவிடுகிறார். உண்ட புரதத்தைத் தசையாக்கும் திறனும் இவ்வயதில் மந்தமாகிறது. ஆயினும் இழப்பு முழுவதையும் வயதின் கணக்கில் எழுதிவிட முடியாது. நலமாக இருந்த முதியோரைப் பத்து நாள் படுக்கையில் இருத்தி நடத்தப்பட்டு 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, அவர்களுடைய கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ கொழுப்பற்ற திசு குறைந்ததைக் கண்டது. மருத்துவமனையில் சில நாள் கிடந்து திரும்பிய பாட்டியால் முன்போல் நடக்க முடியவில்லை என்றால், அதில் நோய்க்கு மட்டுமன்றிக் கட்டிலுக்கும் பங்குண்டு.

இழந்த வலிமை மீளுமா என்ற கேள்விக்கு வியப்பூட்டும் விடை 1990இல் பாஸ்டன் நகரிலிருந்து வந்தது. மரியா ஃபியாட்டரோன் தலைமையிலான குழு, முதியோர் காப்பகம் ஒன்றில் வாழ்ந்த 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேரைத் தேர்ந்து, எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி அளித்தது. அது பெயருக்குக் கைகால் அசைக்கும் பயிற்சியன்று. ஒருவரால் ஒரே ஒருமுறை தூக்கக்கூடிய உச்ச எடையில் 80 விழுக்காட்டை, முழங்காலை நீட்டி மெதுவாக உயர்த்தி மெதுவாக இறக்க வேண்டும். எட்டு முறை செய்தால் ஒரு சுற்று, நாளொன்றுக்கு மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள். இளைஞருக்கே மூச்சு வாங்கும் அளவு இது. பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. அதாவது முன்பிருந்ததைப் போல் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்காயிற்று. தொடைத் தசையின் பரப்பும் கூடியது. இருவர் ஊன்றுகோலை விட்டனர். பயிற்சியை நிறுத்திய நான்கு வாரங்களில் வலிமை 32 விழுக்காடு சரிந்தது என்பதும் அதே ஆய்வு சொன்ன செய்திதான்.

அதே குழு 1994இல் காப்பகவாசிகள் நூறு பேரிடம் செய்த ஆய்வு இன்னொன்றையும் தெளிவாக்கியது. பயிற்சி பெற்றோரின் வலிமை இருமடங்குக்கு மேல் உயர, பயிற்சியின்றிச் சத்துப் பானம் மட்டும் அருந்தியோரிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. முதியோருக்கென்று விளம்பரப்படுத்தப்படும் சத்து மாவு டின்களை வாங்கி அடுக்கும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய முடிவு இது. புரதம் தேவையில்லை என்பது இதன் பொருளன்று. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை முதியோருக்குப் புரதம் வேண்டும் என வல்லுநர் குழுக்கள் பரிந்துரைக்கின்றன. இரவில் இரண்டு இட்லியோடு முடித்துக்கொள்ளும் பெரியவர்கள் பலருக்கு அந்த அளவு எட்டுவது கடினம்.

உடற்பயிற்சியின் பயனைப் பெருந்திரளிடம் சோதித்த 'லைஃப்' ஆய்வில், 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேர் கலந்துகொண்டனர். சராசரியாக 2.6 ஆண்டுகளில், 400 மீட்டர் நடக்கும் திறனை இழந்தோர் உடற்பயிற்சிக் குழுவில் 30.1 விழுக்காடு, உடல்நலக் கல்வி மட்டும் பெற்ற குழுவில் 35.5 விழுக்காடு. பெரிய வேறுபாடன்று, ஆனால் மெய்யானது.

தசை நலிவை முதற்கட்டமாகக் கண்டறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால், ஆசிய வல்லுநர் குழுவின் 2019ஆம் ஆண்டு வரையறைப்படி அது மேலும் ஆராயப்பட வேண்டிய அறிகுறியாகும். சோதிக்கும்போது அருகில் ஒருவர் நிற்பது நல்லது. இதய நோயோ கடும் மூட்டுவலியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே பயிற்சியில் இறங்க வேண்டும்.

தமிழ்க் குடும்பங்களில் பெரியவர்களைப் பேணுவது என்றால், அவர்களை எழவிடாமல் தண்ணீர்ச் செம்பைக்கூடக் கைக்குக் கொண்டுவந்து கொடுப்பது என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அன்பினால் செய்யப்படும் இந்தப் பணிவிடை, மேற்கண்ட ஆய்வுகளின் வெளிச்சத்தில், தசை நலிவை விரைவுபடுத்தக்கூடிய செயலே ஆகும். 65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்தில் மூன்று நாளாவது வலிமைக்கும் உடற்சமநிலைக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டுக்கே வந்து அளிக்கும் இயன்முறை மருத்துவமும் அடங்கும். மாத்திரையைத் தவறாமல் வாங்கிக்கொள்ளும் குடும்பங்கள், பயிற்சியையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெற வேண்டும்.