கொக்கோ கேட்டு வரும் வாடிக்கையாளர்

ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் சாமை, புளி, தேன் ஆகியவற்றின் தரத்தைக் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவோர் நம் திருப்பத்தூர் வணிகர்கள். ஆனால் பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளை ஒன்று விடுமுறைக்கு ஊர் வந்து, "அண்ணா, செரிமோனியல் கொக்கோ இருக்கா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

விஷயம் இதுதான். சிலர் வட்டமாக அமர்ந்து, சர்க்கரை குறைந்த கெட்டியான கொக்கோவைச் சூடாகப் பருகி, மூச்சைக் கவனித்து, மனம் விட்டுப் பேசுகிறார்கள். குவாத்தமாலா பக்கம் பிரபலமான இவ்வழக்கம் இன்று கோவா, பெங்களூர் வரை வந்துவிட்டது. விருந்தினருக்கு வெற்றிலை பாக்கு வைத்து உறவு பேசும் நமக்கு இதன் கருத்து புதிதல்ல.

கொக்கோவுக்கும் வணிகர்களுக்கும் நெடுங்கால உறவு உண்டு. மெக்சிகோவின் அஸ்டெக் மக்களிடையே கொக்கோ கொட்டையே சில்லறைக் காசு. 'போச்டேகா' எனப்படும் தொலைதூர வணிகர்கள் தம் விருந்துகளில் கொக்கோ பானம் வழங்கினர். கலப்படமும் அன்றே இருந்தது! வெறும் தோலுக்குள் மாவும் மெழுகும் அடைத்து விற்ற மோசக்காரர்களைப் பற்றி 16ஆம் நூற்றாண்டில் சஹாகுன் என்ற ஸ்பானியத் துறவி எழுதி வைத்திருக்கிறார்.

நம் நாட்டில் 1798இல் குற்றாலத்தில் கொக்கோ நடப்பட்டது. இன்று பொள்ளாச்சிப் பகுதியில் தென்னைக்கு ஊடுபயிராக விளைகிறது.

இனி கடைக்கு வருவோம். இவர்கள் கேட்பது சாதாரணக் கொக்கோ பவுடர் அல்ல. பவுடரில் கொழுப்பின் பெரும்பகுதி பிழிந்து எடுக்கப்பட்டிருக்கும். இவர்கள் கேட்பது புளிக்க வைத்து உலர்த்திய கொட்டையைக் கொழுப்போடு அரைத்த கட்டி. 'செரிமோனியல்' என்பது விற்பவர் சூட்டும் பெயரே. அதற்கெனச் சட்டப்படியான தரம் ஏதுமில்லை. எனவே அந்தச் சொல்லுக்காக இருமடங்கு விலை கொடுத்துக் கொள்முதல் செய்யாதீர். உரிம எண், தயாரிப்பாளர் முகவரி, தேதி ஆகியவற்றைப் பார்த்து வாங்குங்கள்.

பல ஆண்டுகள் டன் 2,500 டாலர் அளவில் இருந்த உலகக் கொக்கோ விலை, மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் பொய்த்ததால் 2024 டிசம்பரில் 12,000 டாலரைத் தாண்டியது, பின்னர் இறங்கியது. ஆகவே அதிகச் சரக்கு பிடிக்க வேண்டாம். கொக்கோ பிற வாசனைகளைச் சட்டென இழுத்துக்கொள்ளும். கற்பூரம், ஊதுபத்தி, மசாலா அருகே வைக்காதீர்கள்.

"மனக்கவலை தீரும், நோய் போகும்" என்று எழுதி விற்பது ஆபத்து. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆவது பிரிவின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்ச ரூபாய் வரை அபராதம் உண்டு. மேலும் கொக்கோவில் தியோபுரோமின், காபீன் ஆகிய ஊக்கப் பொருள்கள் உள்ளன. இவ்வழக்கத்தில் ஒரே வேளையில் 40 கிராம் வரை பருகுவதும் உண்டு. இதய நோய்க்கோ மன அழுத்தத்துக்கோ மருந்து உண்பவர் கேட்டால், "டாக்டரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள்.

ஒரு விற்பனை போகலாம். ஆனால் அந்தக் குடும்பத்தின் மாதச் சாமான் பட்டியல் நம் கடைக்கே வரும்.