அரியணையும் அன்பும்: தடைப்பட்ட காதலின் மூன்று முடிவுகள்

காதல் ஒத்தாரிடையே தோன்றுவது என்பது தமிழ் இலக்கண மரபு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் தலைவன் தலைவியர்க்கு வேண்டிய ஒப்புமைகளைப் பத்தாக வகுத்து, பிறப்பு, குடிமை, ஆண்டு, உருவு, திரு முதலியவற்றை அவற்றுள் அடக்குகிறார். எனினும் தலைவன் தலைவியினும் உயர்ந்தவனாயின் அதனை விலக்க வேண்டுவதில்லை எனக் களவியலில் இசைவு தருகிறார். தலைவி உயர்ந்தவளாயிருக்க அத்தகைய இசைவு இல்லை. அரச குலத்தாருக்கும் எளிய குடியினருக்கும் இடையே எழுந்து தடைப்பட்ட காதலைக் கூறும் கதைகளை ஆராய்வார்க்கு இவ்விதி நல்லதொரு நுழைவாயிலாகும். ஈண்டு மூன்று படைப்புகளை எடுத்துக்கொண்டு, தடை எங்கிருந்து வந்தது, அதற்கு விலை கொடுத்தவர் யார் என்னும் இரு வினாக்களை எழுப்புவோம்.

முதலாவது, இம்தியாஸ் அலி தாஜ் 1922ஆம் ஆண்டில் எழுதிய 'அனார்கலி' என்னும் உருது நாடகம். அக்பரின் அரண்மனை அடிமைப்பெண் மீது இளவரசர் சலீம் காதல் கொள்கிறார். பேரரசரின் சினத்துக்கு ஆளான அவள் உயிரோடு சுவருள் வைத்து அடைக்கப்படுகிறாள். ஜஹாங்கீர் எழுதிய தன்வரலாற்றில் இக்காதல் பற்றிய குறிப்பு இல்லை. ஆதலின் இதனைக் கதையாகவே கொள்ளவேண்டும். 1960இல் வெளிவந்த 'முகலே ஆஸம்' திரைப்படம் அவளைச் சாகவிடாமல் மறைவாக வெளியேற்றிவிடுகிறது. எனினும் சலீமின் உலகில் அவள் இறந்தவளே. வரலாற்றுச் சலீமோ 1605இல் ஜஹாங்கீராக முடிசூடினார்.

இரண்டாவது, கல்கியின் 'சிவகாமியின் சபதம்'. 1944 முதல் 1946 வரை தொடராக வந்த இப்புதினத்தில், பல்லவ இளவரசன் நரசிம்மன் ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமியை நேசிக்கிறான். சாளுக்கியரால் சிறைகொண்டு செல்லப்பட்ட அவள், வாதாபி எரிவதைக் கண்டாலன்றி அந்நகரை விட்டு வாரேன் எனச் சூளுரைக்கிறாள். மாறுவேடத்தில் மீட்க வந்த நரசிம்மனையும் திருப்பி அனுப்புகிறாள். பல ஆண்டுகள் கழிந்து வாதாபி வீழ்கிறது, சபதம் நிறைவேறுகிறது. ஆனால் அதற்குள் நரசிம்மன் நாட்டு நலன் கருதிப் பாண்டிய இளவரசியை மணந்துவிட்டான். இதனை அறிந்த சிவகாமி தன் கலையையும் வாழ்வையும் இறைவனுக்கே உரியதாக்குகிறாள்.

இவ்விரு கதைகளிலும் உயர்ந்தவன் தலைவனே. இலக்கணம் விலக்காத காதலை அரியணை விலக்குகிறது. இளவரசனின் திருமணம் அவனுக்கு மட்டும் உரியதன்று; அது நாடுகளுக்கிடையே செய்யப்படும் உடன்படிக்கை, அடுத்த வாரிசைப் பற்றிய முடிவு. ஆகவே காதலுக்கு எதிராக நிற்கும் தந்தை, தந்தையாக மட்டும் நிற்கவில்லை, அரசாகவும் நிற்கிறார். இளவரசன் வருந்துகிறான் என்பது உண்மை. ஆயினும் அவனுக்கு அரியணை காத்திருக்கிறது. வாழ்வை இழந்தவர்கள் அடிமைப்பெண்ணும் சிற்பி மகளுமே.

மூன்றாவது, பாரதிதாசனின் 'புரட்சிக்கவி' (1937). பதினோராம் நூற்றாண்டுக் காசுமீரக் கவிஞர் பில்கணரைப் பற்றி வழங்கும் கதையின் தழுவல் இது. கவிஞன் உதாரன் இளவரசி அமுதவல்லிக்குக் கவிதை கற்பிக்க வருகிறான். அவன் குருடன் என்று அவளிடமும், அவள் தொழுநோயாளி என்று அவனிடமும் பொய் சொல்லி இடையே திரை கட்டுகின்றனர். அவன் முழுநிலவைப் பாடக் கேட்டவள், பார்வையற்றவர் நிலவை இவ்வாறு பாடுதல் ஆகுமோ என ஐயுற்றுத் திரையை விலக்குகிறாள். இங்கே உயர்ந்தவள் தலைவி. தொல்காப்பியரின் இசைவும் இவர்களுக்கு இல்லை. பில்கணர் கதையின் ஒரு வடிவத்தில் கவிதை கேட்ட அரசன் மனமிரங்கி மகளைத் தருகிறான். அதாவது, அங்கும் முடிவு அரசன் கையிலேயே இருக்கிறது. பாரதிதாசன் அதனை ஏற்கவில்லை. கொலைக்களத்தில் நிற்கும் உதாரன் அரசனிடம் இரக்கம் கேளாமல் மக்களிடம் பேசுகிறான். மக்கள் எழுகின்றனர், காதலர் பிழைக்கின்றனர், முடியாட்சி போய் மக்களாட்சி வருகிறது.

மூன்று கதைகளையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. அனார்கலிக்காகவும் சிவகாமிக்காகவும் எழுந்து நிற்க ஊரில் எவரும் இல்லை. அவர்களின் துயரம் அரண்மனைக்குள்ளேயே முடிந்துவிட்டது. உதாரனின் வழக்கு ஊரார் முன் வந்தது. காதற்கதைகளைக் கற்கும் மாணவர்கள், காதலர் சேர்ந்தனரா பிரிந்தனரா என்று காண்பதோடு நில்லாது, தீர்ப்பு யார் கையில் இருந்தது, அதற்கு விலை கொடுத்தவர் யார் என்றும் வினவுதல் வேண்டும். அரண்மனைகள் போய்விட்டன. குலமும் செல்வமும் காட்டி எளியோரின் வாழ்வைத் தீர்மானிக்கும் வழக்கம் இன்னும் முற்றாகப் போய்விடவில்லை.