பாடசாலையா, வீடா?



"இனி நான் ஸ்கூலுக்குப் போகமாட்டேன், வீட்டிலேயே படிக்கிறேன்" என்று சொல்லும் பிள்ளைகள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அப்படிக் கேட்டவர்கள் உங்களிலும் இருக்கலாம். இன்னும் சில ஆண்டுகளில் இதே கேள்விக்குப் பெற்றோராகப் பதில் சொல்லப் போகிறவர்களும் நீங்கள்தான். ஆகவே இரு பக்கத்தையும் பார்ப்போம்.

இங்கிலாந்தில் கல்வி கட்டாயம்; பாடசாலை கட்டாயமல்ல. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பிள்ளையின் வயதுக்கும் திறமைக்கும் ஏற்ற முழுநேரக் கல்வியைப் பாடசாலையிலோ வேறு வழியிலோ கொடுக்கும் பொறுப்பைப் பெற்றோரிடம் ஒப்படைக்கிறது. அவர்கள் ஆசிரியர் பயிற்சி பெற்றிருக்க வேண்டியதில்லை. தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டியதுமில்லை. ஜெர்மனியில் வாழும் நம் உறவினருக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. சமய நம்பிக்கையின் பேரில் வீட்டுக்கல்வி கேட்ட கிறிஸ்தவப் பெற்றோரின் வழக்கை 2006இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஏற்கவில்லை. இங்கிலாந்திலோ 2024 இலையுதிர் காலத்தில் 1 இலட்சத்து 11 ஆயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகள் வீட்டில் கற்றார்கள்.

காரணங்கள் பல. சிலர் விசுவாசத்திற்காகத் தெரிவு செய்கிறார்கள். சில பிள்ளைகளைச் சக மாணவரின் கொடுமையும் மனப்பதற்றமும் வீட்டுக்குத் துரத்துகின்றன. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு முப்பது பேர் இருக்கும் வகுப்பின் சத்தமே பெரும் பாரமாகலாம். காலையில் வயிற்றுவலி, சனிக்கிழமையில் சுகம் என்றிருக்கும் பிள்ளையைத் தாதியாகிய நான் "நடிக்கிறான்" என்று தள்ளமாட்டேன். பயமும் வயிற்றை வலிக்கச் செய்யும். இப்படிப்பட்ட பிள்ளை வீட்டில் தன் வேகத்தில் கற்று மறுபடி தலைநிமிர்வது உண்மையான நன்மை.

மறுபக்கமும் உண்டு. ஜி.சி.எஸ்.இ. பரீட்சைக்குத் தனிப் பரீட்சார்த்தியாகப் பணம் கட்டவேண்டும். அதற்கு இடம் தரும் நிலையத்தையும் தேடவேண்டும். விஞ்ஞானச் செய்முறையை வீட்டுச் சமையலறையில் முழுதாகச் செய்ய முடியாது. அம்மா இரவு வேலை, அப்பா பகல் வேலை என்று ஓடும் குடும்பத்தில் ஒருவர் சம்பளத்தை விடவேண்டி வரலாம். 8ஆம் ஆண்டில் எச்.பி.வி., 9ஆம் ஆண்டில் டெட்டனஸ், போலியோ, மெனிஞ்சைட்டிஸ் தடுப்பூசிகள் பாடசாலையிலேயே போடப்படுகின்றன. வீட்டில் கற்கும் பிள்ளைக்கும் அவை உண்டு. ஆனால் பெற்றோர்தான் கேட்டு ஒழுங்கு செய்யவேண்டும்.

இதைவிட முக்கியமானது, பிள்ளையைத் தினமும் பார்க்கும் பிற கண்கள். காது சரியாகக் கேட்காததை, பார்வை மங்குவதை, உடம்பிலுள்ள காயத்தை முதலில் கவனிப்பவர் பல வேளை ஆசிரியரே. 2023இல் வோக்கிங்கில் கொல்லப்பட்ட 10 வயதுச் சிறுமி, அதற்குச் சில மாதங்களுக்கு முன் பாடசாலையிலிருந்து விலக்கப்பட்டிருந்தாள். அவளுடைய தகப்பனும் மாற்றாந்தாயும் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். வீட்டில் கற்பிக்கும் பெற்றோரை இதனால் சந்தேகிப்பது அநியாயம். ஆனாலும் எந்தப் பிள்ளையும் யாருடைய கண்ணுக்கும் படாமல் வளரக்கூடாது.

தீமோத்தேயு விசுவாசத்தைப் பாட்டியிடமும் தாயிடமும் கண்டு வளர்ந்தான். பவுல் கமாலியேலின் பாதத்தருகே படித்தான். வேதத்தில் இரு வழியும் உண்டு. ஆகவே முடிவெடுக்குமுன் குடும்பமாக உட்கார்ந்து கேளுங்கள்: திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கற்பிப்பவர் யார்? வீட்டுக்கு வெளியே எந்தப் பெரியவர் இந்தப் பிள்ளையை வாராவாரம் சந்திப்பார்? நண்பர்கள் எங்கிருந்து வருவார்கள்? பிள்ளையின் விருப்பம் என்ன? பாடசாலையே விலகும்படி நெருக்கினால் அவசரப்பட்டுக் கடிதம் கொடுக்காதீர்கள். கொடுத்தபின் அதே இடம் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

என் எண்ணம் இதுதான்: நன்கு திட்டமிட்ட வீட்டுக்கல்வியை ஆதரிக்கலாம், பயத்தில் ஓடி ஒளிவதற்கு அதைத் தெரிவு செய்யவேண்டாம். பயத்துக்குக் காரணமானதை முதலில் சரிசெய்யப் பார்க்கவேண்டும்.

பாடசாலைக்குப் போகப் பயப்படும் தம்பி, தங்கையே, அந்தக் காரணத்தை இந்த வாரமே ஒருவரிடம் சொல்லுங்கள். அம்மா, அப்பா, பாடசாலைத் தாதி, குடும்ப வைத்தியர், யாராக இருந்தாலும் நல்லது. வீட்டிலேயே சொல்ல முடியாத காரணம் என்றால் சைல்ட்லைன் 0800 1111 இலக்கத்துக்கு இலவசமாக அழைக்கலாம்.