திருப்பூரின் வரவும் செலவும்

மாதப் பிறப்பன்று நமது இல்லங்களில் ஒரு காட்சியைக் காணலாம். குடும்பத் தலைவி கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறாள். வந்த சம்பளம் ஒரு பக்கம்; பால், அரிசி, வீட்டு வாடகை, பள்ளிக்கூடக் கட்டணம் முதலியவை மறு பக்கம். வரவை மட்டும் எழுதி வைத்துச் செலவை எழுதாமல் விட்டுவிடும் குடும்பம் சில மாதங்கள் மிகவும் செழிப்பாகத்தான் தோன்றும். பிறகு ஒரு நாள் கடன்காரன் வாசலில் வந்து நிற்பான்.

நகரங்களுக்கும் இதுவே விதி. சென்ற விடுமுறையில் சில தினங்கள் திருப்பூரில் தங்கியிருந்தபோது இந்த எண்ணம் நம்மை விட்டு அகலவேயில்லை. ஏனெனில், செலவுப் பக்கத்தை எழுதாமலே நெடுநாள் வளர்ந்து, கடன்காரன் வந்து கதவைத் தட்டிய பிறகு கணக்கெழுதக் கற்றுக்கொண்ட நகரம் அது. வேகமாக வளர்ந்து வரும் மற்ற ஊர்களுக்கு அதன் அனுபவம் ஒரு நல்ல பாடம்.

வரவுப் பக்கம்

திருப்பூருக்கும் துணிக்கும் உள்ள உறவு புதியதன்று. மகாத்மா காந்தி கதர் இயக்கத்தை ஆரம்பித்த காலத்தில் தமிழ்நாட்டின் கதர் உற்பத்திக்கு இவ்வூர் ஒரு முக்கிய நிலையமாக விளங்கிற்று. சுற்றுப்புறக் கிராமங்களில் நூற்ற நூலும் நெய்த துணியும் இங்கு வந்து சேர்ந்தன. 1932-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், கையில் தேசியக் கொடியுடன் ஊர்வலத்தில் சென்ற குமரன் போலீஸாரின் தடியடிக்கு இலக்காகி, மறுநாள் உயிர் நீத்ததும் இவ்வூரில்தான். சென்னிமலையில் பிறந்து, பிழைப்புக்காகத் திருப்பூருக்கு வந்த இளைஞர் அவர். பிழைக்க வந்தவரே ஊருக்குப் பெருமை தேடித் தந்தார் என்பதை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

கதருக்குப் பின் பனியன் வந்தது. முதலில் உள்நாட்டுக்கு வேண்டிய வெள்ளைப் பனியன்கள்தாம். 1970-களின் இறுதியில் ஐரோப்பிய வியாபாரிகள் இவ்வூரைத் தேடி வரத் தொடங்கினார்கள். 1990-இல் ஏற்றுமதியாளர்கள் தமக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். இன்று இந்தியாவிலிருந்து வெளிநாடுகளுக்குச் செல்லும் பின்னலாடைகளில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்தே போகின்றன. 2024-25-இல் இவ்வேற்றுமதியின் மதிப்பு ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய்.

இவ்வளவு பெரிய வியாபாரம் நடைபெறும் ஊரில் வானளாவிய ஆலைகளை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாற்றம் அடைவார். பெரிய தொழிற்சாலைகள் உண்டு; எனினும் வேலையில் பெரும் பகுதி சந்து பொந்துகளில், சிறு கூடங்களில் நடைபெறுகிறது. ஒரு பட்டறையில் நூலைத் துணியாகப் பின்னுகிறார்கள். அது சாயப்பட்டறைக்குப் போய் நிறம் பெறுகிறது. இன்னோர் இடத்தில் கட்டிங். வேறோர் இடத்தில் 'பவர் டேபிள்' என்று வழங்கும் தையற்கூடம். பிறகு பிசிர் வெட்டுவோர், செக்கிங் செய்வோர், இஸ்திரி போடுவோர், மடித்துப் பெட்டியில் அடுக்குவோர். ஒரு பனியன் நமது உடம்புக்கு வருமுன் எத்தனை கைகள் மாறுகின்றன! வெட்டி எறியும் துண்டுத் துணிக்குக்கூட இங்கே தனி வியாபாரம் உண்டு. ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள காதர்பேட்டையிலோ மொத்த வியாபாரிகளும் சில்லறை வியாபாரிகளும் நாள் முழுவதும் மூட்டை கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கையில் சொற்ப முதல் உள்ளவனும் இரண்டு இயந்திரங்களை வாடகை இடத்தில் போட்டு முதலாளியாகிவிடலாம் என்பதே இவ்வூரின் கவர்ச்சி.

ஊரும் விரிந்தது. 2008-இல் நகரசபை மாநகராட்சியாயிற்று. 2009-இல் திருப்பூர் ஒரு ஜில்லாவின் தலைநகராயிற்று. 2011-இல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் பல ஊராட்சிகளும் சேர்க்கப்பட்டு, அறுபது வார்டுகள் கொண்ட பெருநகரமாயிற்று.

செலவுப் பக்கம்

ஊரின் நடுவே நொய்யல் ஆறு ஓடுகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையைக் கடந்து, திருப்பூர் வழியாகச் சென்று காவிரியில் கலக்கும் ஆறு இது. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றுவதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீருடன் ஏராளமான உப்பும் வேண்டும். சாயம் துணியில் தங்கிவிடும்; உப்போ தண்ணீருடன் வெளியேறிவிடும். பல வருஷங்கள் அந்தத் தண்ணீரெல்லாம் நொய்யலுக்கே போயிற்று. ஆறு என்ன நிறத்தில் ஓடுகிறதென்று பார்த்து, வெளிநாட்டில் இவ்வருஷம் எந்த நிறம் நாகரிகம் என்று சொல்லிவிடலாம் என வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்கள். ஆற்றின் கீழ்ப்புறத்தில் இருந்தவர்களுக்கு அது வேடிக்கையாக இல்லை.

1992-இல் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காக ஓர் அணை கட்டினார்கள். அணையில் தேங்கியது மழை நீர் மட்டுமன்று. சாயக் கழிவும் சேர்ந்து தேங்கியது. உப்பேறிய நீர் வயலைக் கெடுத்தது, கிணற்றைக் கெடுத்தது, தென்னையைக் கெடுத்தது. நம் நாட்டில் தண்ணீர் வேண்டுமென்று போராடும் விவசாயிகளைப் பார்த்திருக்கிறோம். தங்களுக்காகக் கட்டிய அணையின் தண்ணீரே வேண்டாமென்று விவசாயிகள் கதறிய விபரீதத்தை இங்கேதான் கண்டோம்.

நொய்யல் பாசன விவசாயிகள் நியாய ஸ்தலத்தை நாடினார்கள். 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையான உத்தரவிட்டது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்படியும் கழிவு நின்றபாடில்லை. 2011-ஆம் வருஷம் ஜனவரி மாதம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலையை அடையும் வரையில் சாயப்பட்டறைகளையும் சலவைப் பட்டறைகளையும் மூடி வைக்கும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் ஒரே சமயத்தில் நின்றன. சாயம் இல்லையேல் தையல் இல்லை. தையல் இல்லையேல் கூலி இல்லை. திருப்பூர் முடிந்துவிட்டதென்றே பலரும் எண்ணினர்.

ஆனால் திருப்பூர் முடிந்துவிடவில்லை. சர்க்கார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பட்டறைக்காரர்கள் கூட்டாக அமைத்திருந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சீர்திருத்தப்பட்டன. சாயத் தண்ணீரை முதலில் நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்தம் செய்கிறார்கள். பிறகு மிக நுண்ணிய சவ்வுகளின் வழியாக அழுத்திச் செலுத்தி நல்ல நீரைப் பிரிக்கிறார்கள். எஞ்சும் உப்பு நீரைக் காய்ச்சி உப்பையும் மீட்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர் திரும்பவும் சாயத் தொட்டிக்கே வந்து சேருகிறது. இதற்கு மின்சாரச் செலவு அதிகம். ஒன்றுக்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்குவதும் உண்மை. ஆயினும் விளைவைப் பாருங்கள். பட்டறைகளை மூடியபோது ஏறக்குறைய 12,000 கோடியாக இருந்த ஏற்றுமதி, செலவுப் பக்கத்தை எழுதத் தொடங்கிய பிறகு மும்மடங்காகப் பெருகியிருக்கிறது. நாணயமாகக் கணக்கெழுதினால் வியாபாரம் படுத்துவிடும் என்று அஞ்சுவோருக்கு இதைக் காட்டிலும் தக்க மறுமொழி வேண்டியதில்லை.

தண்ணீர்த் திட்டங்கள்

நொய்யலை இழந்த நகரம் பவானியைத் தேடிச் சென்றது. பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் ஒன்றைச் சர்க்காரும் தனியாரும் கூட்டாக நிறைவேற்றினர். தொழிற்சாலைகளுக்கு அதிக விலை, வீடுகளுக்குக் குறைந்த விலை என்பது அதன் ஏற்பாடு. அதன் பிறகு நான்காம் குடிநீர்த் திட்டமும் வந்தது.

கிராமப்புறத்துக்கு நம்பிக்கை தருவது அத்திக்கடவு–அவினாசித் திட்டம். அரை நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் கேட்டு வந்த இத்திட்டம் 2024 ஆகஸ்டு மாதத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வீணாகும் உபரி நீரில் வருஷத்துக்கு ஒன்றரை டி.எம்.சி. எடுத்து, கோவை, திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களில் 1,045 ஏரி குளங்களை நிரப்புவது இதன் நோக்கம்.

அதே மாதத்தில் வேறொரு கௌரவமும் கிட்டியது. நகரின் ஓரத்திலுள்ள நஞ்சராயன் குளம் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அங்கீகாரம் பெற்றது. மங்கோலியப் பிரதேசத்திலிருந்து இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துக்கள் பனியன் நகரத்தின் குளத்தில் வந்து இறங்குகின்றன. சாயத்துக்குப் பேர் போன ஊரில் பறவைக்கும் ஓர் இடம் இருக்கிறதென்றால் மனம் தேறுகிறது.

இன்னும் எழுதாத பக்கம்

தண்ணீர்க் கணக்கை ஒருவாறு எழுதத் தொடங்கியாயிற்று. மனிதக் கணக்கு பாக்கியிருக்கிறது.

நமது நண்பர் ஒருவர் அங்குள்ள ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறார். அவருடைய வகுப்பில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகளில் சிலர் வீட்டில் பேசுவது ஹிந்தி, சிலர் ஒரியா. ஒரு சிறுமி கரும்பலகையில் 'ஆறு' என்று அழகாக எழுதினாள். "உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்டோம். "ஒரே அறை ஐயா. ஆறு பேர்" என்றாள். எண்ணும் சொல்லும் ஒன்றாக அமைந்ததை எண்ணி வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை.

பீகாரிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இன்றி இன்று திருப்பூரில் வேலை நடவாது. நமது தென் ஜில்லாக்களிலிருந்து வந்து குடியேறியவர்களும் எண்ணற்றவர்கள். 2017-இல் சீர்மிகு நகரத் திட்டத்துக்குத் திருப்பூர் தேர்ந்தெடுக்கப்பட்டது; 2022-இல் அரசாங்க மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. இவை வரவேற்கத் தக்கவை. ஆனால் வீடு, சாக்கடை, குப்பை ஆகிய மூன்றும் நகரம் வளர்ந்த வேகத்தில் வளரவில்லை. கைவிடப்பட்ட கல்குவாரிகளில் குப்பை கொட்டியதை எதிர்த்து 2025-இல் சுற்றுப்புற ஜனங்கள் கிளர்ச்சி செய்ய வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் சாயத் தண்ணீரைக் கீழ்ப்புறத்தாருக்கு அனுப்பினோம். இப்பொழுது குப்பையைப் பக்கத்துக் கிராமத்தாருக்கு அனுப்பலாகுமா?

அதே வருஷம் ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளின்மீது ஐம்பது சதவீதம் தீர்வை விதித்தபோது ஊரே கலங்கிற்று. ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்நாட்டுக்குச் செல்வதே காரணம். தூர தேசத்தில் ஒருவர் கையெழுத்திட்டால் இங்கே வாரக் கூலி நிற்கிறது. அத்தகைய நாளில் தொழிலாளியின் குடும்பத்தைத் தாங்குவது எது? வசிக்க ஒரு வீடு, வைத்தியம், பிள்ளைகளுக்குப் பள்ளி ஆகியவை நிலையாக இருந்தால் அவன் ஊரை விட்டு ஓட மாட்டான். வேலை திரும்பும்போது கைகளும் இருக்கும். ஆகவே தொழிலாளர் குடியிருப்பைத் தர்மமாக எண்ண வேண்டாம். சுத்திகரிப்பு நிலையத்தைப் போல அதுவும் தொழிலின் செலவுதான்.

புறப்படும் தினத்தன்று ரயிலுக்குச் சற்று நேரம் இருந்தது. குமரன் நினைவகத்துக்குச் சென்றோம். வேலை முடிந்த தொழிலாளர்கள் டிபன் பாத்திரங்களுடன் கூட்டம் கூட்டமாக அவ்வழியே போய்க்கொண்டிருந்தனர். பல மொழிகள் காதில் விழுந்தன. குமரனும் ஒரு நாள் இவர்களைப்போலப் பிழைக்க வந்தவர்தாமே என்று எண்ணினோம். வீடு திரும்பிய பிறகு, பெட்டியிலிருந்த புதுப் பனியனை எடுத்து அதன் தையலை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அணிந்துகொண்டோம்.