ஐம்பதைவிட்டு நகராமல்

2020 ஏப்ரல் 5, இரவு 9 மணி. பிரதமர் கேட்டுக்கொண்டபடி நாடு முழுக்க 9 நிமிடம் விளக்கை அணைத்துவிட்டு அகல் ஏற்றினார்கள். மின்தேவைக்கேற்ப உற்பத்தியைச் சரிக்கட்டும் லோடு டெஸ்பாட்ச் சென்டர்களில் இருந்த பொறியாளர்களுக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது. மின்தேவை 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை இறங்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். இறங்கியதோ 31,000-க்கும் மேல்.

தேவை குறைந்தால் நல்லதுதானே? இல்லை. மின்கம்பிக்குள் மின்சாரத்தைச் சேர்த்துவைக்க முடியாது. இந்த நொடி செலவாகும் அளவு இந்த நொடியே உற்பத்தியாக வேண்டும். கோடிக்கணக்கான வீடுகளில் யார் எந்த சுவிட்சைத் தட்டுகிறார்கள் என்பது மின்நிலையத்துக்கு எப்படித் தெரியும்?

கம்பியே சொல்லிவிடும். அனல்மின் நிலைய டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று, அதாவது நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் இதுதான். மின்சுமை கூடினால், எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பவருக்குக் கால் கனப்பதுபோல ஜெனரேட்டர் திணறும், வேகம் குறையும். சுமை இறங்கினால் வேகம் எகிறும். ஒரே கிரிட்டில் (இணைந்த மின்கட்டமைப்பில்) உள்ள ஜெனரேட்டர்கள் எல்லாம் சேர்ந்தே சுற்றுவதால், காஷ்மீரில் போடும் ஹீட்டரைத் தூத்துக்குடி டர்பைனும் துளியளவு உணரும்.

டர்பைனின் வேகத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பது கவர்னர். வேகம் குறைந்தால் நீராவி வால்வைத் திறக்கும், கூடினால் மூடும்; அதனால் மாறிய வேகத்தை மறுபடி அளந்து வால்வைத் திருத்தும். இந்தச் சுற்றுதான் பின்னூட்டம். 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் சுழலும் இரண்டு குண்டுகளை வைத்துச் செய்த வேலையை இன்று எலெக்ட்ரானிக்ஸ் செய்கிறது.

கவர்னர் சரிவைத் தடுத்து நிறுத்தும். ஆனால் அதிர்வெண்ணை மிகச்சரியாக 50-க்குக் கொண்டுவராது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நிலையமும் தானே 50-ஐப் பிடிப்பேன் என்று நின்றால், ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக் கிரிட்டையே ஆட்டிவிடும். ஆளுக்குக் கொஞ்சம் தாங்கிக்கொள்ள, மிச்சத்தை டெஸ்பாட்ச் சென்டர் சரிசெய்கிறது.

அன்றிரவு கைகொடுத்தது நீர்மின்சாரம். கொதிகலனை நினைத்த மாத்திரத்தில் தணிக்க முடியாது. நீர்மின் டர்பைனுக்குப் போகும் தண்ணீரைச் சட்டென்று மட்டுப்படுத்தலாம். 25 நிமிடத்தில் சுமார் 17,500 மெகாவாட் நீர்மின் உற்பத்தியைக் குறைத்தார்கள். விளக்குகள் திரும்ப எரியத் தொடங்கியதும் மறுபடி ஏற்றினார்கள். அதிர்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் இடையிலேயே நின்றது.

2012 ஜூலை 30, 31-இல் கிரிட் சரிந்து வட இந்தியா இருண்டபோது தமிழ்நாடு தப்பியது (அந்த வருடத்து வழக்கமான மின்வெட்டு நீங்கலாக). காரணம், தென்னக கிரிட் அப்போது வடக்கோடு நேர்மின் (DC) பாதை வழியாக மட்டுமே இணைந்திருந்தது. அதிர்வெண்ணின் ஆட்டம் அந்த வழியைத் தாண்டாது. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதை இரண்டையும் ஒரே துடிப்பில் சேர்த்தது. இனி அங்கே ஏற்படும் உதறல் இங்கேயும் வரும். அதேபோல, ஆரல்வாய்மொழியில் காற்று திடீரென்று விழுந்து காற்றாலைகள் நின்றால், வடக்கே இருக்கும் கவர்னர்களும் வால்வைத் திறக்கும்.