தொடுதிரையா, பட்டனா? வாங்கும் முன் யோசிப்போம்

இண்டக்‌ஷன் அடுப்பு, வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் எனப் பல பொருட்களில் இன்று பட்டனே இல்லை. வழவழப்பான பரப்பைத் தொட்டால் போதும். பார்க்க அழகு, துடைக்கவும் எளிது. ஆனால் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் ஆசையாக வாங்கிக் கொடுக்கும் இவற்றை, ஊரில் தனியாக இருக்கும் வயதான அத்தா, அம்மாவால் இயக்க முடிகிறதா என்று நாம் பார்க்கிறோமா?

தொடுபரப்புக்கு அடியில் மெல்லிய மின்புலம் இருக்கிறது. விரல் பட்டதும் அதில் உண்டாகும் மாற்றத்தைக் கருவி உணர்கிறது. தண்ணீரும் அதே மாற்றத்தை உண்டாக்கும். எனவே அரிசி களைந்த ஈரக்கையால் தொட்டாலோ, கஞ்சி பொங்கி வழிந்தாலோ அடுப்பு குழம்பிவிடுகிறது. கண்புரை உள்ளவர்களுக்கோ, தடவிப் பார்த்து அறிய அங்கே எதுவுமே இல்லை.

நம் டெல்டாவின் பம்புசெட் ஸ்டார்ட்டரைப் பாருங்கள். பச்சை ஓடுவதற்கு, சிவப்பு நிறுத்துவதற்கு. இருட்டிலும் சேற்றுக்கையோடும் அழுத்தலாம். 2001 சட்டமன்றத் தேர்தல் முதல் தமிழகம் முழுவதும் நாம் பயன்படுத்தும் வாக்குப்பதிவு இயந்திரமும் அப்படித்தான். நீலப் பட்டன், அருகே பார்வையற்றோருக்கான பிரெய்லி எண். அழுத்தினால் சிவப்பு விளக்கு, பீப் ஒலி. வாக்கு பதிவானதை விரலும் கண்ணும் காதும் அறிகின்றன.

காரில் இது உயிர்ப் பிரச்சினை. 2022-இல் ஸ்வீடனின் 'வி பில்அகாரே' இதழ் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஒரு சோதனை நடத்தியது. ரேடியோவை மாற்றுவது போன்ற நான்கு வேலைகளை முடிக்க, பட்டன்கள் கொண்ட 2005 வால்வோ காரில் 10 வினாடிகள் போதுமாக இருந்தது. தொடுதிரைக் கார்களில் மிக மெதுவானதற்கு 44.6 வினாடிகள் ஆயின. அதற்குள் அது 1,372 மீட்டர் ஓடிவிட்டது. ஐரோப்பாவின் கார் பாதுகாப்பு அமைப்பான யூரோ என்கேப், 2026 விதிகளில் ஹார்ன், வைப்பர், இண்டிகேட்டர் போன்றவற்றுக்குத் தனிப் பட்டனோ நெம்புகோலோ கேட்பது இதனால்தான்.

தொடுதிரையே கூடாது என்பதல்ல. வாங்கும் முன் கடையில் இரண்டு சோதனை செய்வோம்: ஈர விரலால் இயங்குகிறதா? திரையைப் பார்க்காமல் அணைக்க முடிகிறதா? ஏற்கெனவே வாங்கியிருந்தால், அணைக்கும் இடத்தின் ஓரத்தில் புடைப்பான ஸ்டிக்கர் ஒட்டுவோம். அடுப்பின் சுவர் சுவிட்ச், பெரியவர்கள் கொதிக்கும் பாத்திரத்தைத் தாண்டிக் கை நீட்டாமல் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.