தொலைவிலிருந்து காவல் காக்கும் ரிலே

தாம்பரத்தை அடுத்துள்ள முடிச்சூரில் வாழ்வோர் 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை எளிதில் மறக்க மாட்டார்கள். அம்மாதம் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஆதனூர், மணிமங்கலம் முதலிய மேற்புற ஏரிகளின் உபரிநீர் அடையாற்றில் சேர்ந்தது. ஆறு கரைகடந்து வீடுகளுக்குள் புகுந்தது.

மேலே ஏரியில் நீர் ஏறுவதைக் கீழே உள்ள ஊருக்கு நள்ளிரவிலும் அறிவிக்க ஒரு கருவி அமைப்பதாகக் கொள்வோம். அதில் தலைமையான வேலையைச் செய்வது 'ரிலே' என்னும் சிறு பொருள். இரும்புத் தண்டின்மீது சுற்றிய கம்பிச் சுருளில் சிறிதளவு மின்சாரம் பாய்ந்தால், இரும்பு காந்தமாகி எதிரே உள்ள தகட்டை இழுக்கும். தகடு அசைய, அதனோடு இணைந்த தொடுமுனைகள் கூடும் அல்லது பிரியும். இவ்வாறு, நீர்மட்டக் கருவி தரும் மெல்லிய மின்குறி பெரிய சங்கையே ஊதச் செய்கிறது.

இதனை முறையாக அமைப்பதற்குச் சில விதிகள் உண்டு. எடுத்துக்காட்டாக, நீர் இருபதடியைத் தொட்டதும் ரிலே இயங்க வேண்டுமானால், பத்தொன்பதரை அடிக்கு இறங்கிய பின்னரே அது ஓய வேண்டும். இவ்விடைவெளி இல்லையேல், அலை எழுந்து விழும்போதெல்லாம் சங்கு ஊதி ஊதி நிற்கும். நீர் அந்த அளவில் அரை நிமிடமேனும் நின்றால்தான் குறி செல்லுமாறு தாமதமும் வைக்கலாம். ஒருமுறை எழுந்த எச்சரிக்கை, பொறுப்பாளர் கண்டு விடுவிக்கும்வரை மாறாதிருத்தல் நலம்.

இவை அனைத்தினும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: கம்பி அறுந்தால் என்ன ஆகும்? ஆபத்து வந்தால் மட்டுமே மின்சாரம் பாயும் அமைப்பில், கம்பி அறுந்ததை எவரும் அறியார். கருவி வாய் மூடிக் கிடக்கும். ஊரார் நலமென்று உறங்குவர்.

இதற்கு விடையை ரயில்வே நெடுங்காலம் முன்பே கண்டது. 1872இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன், தண்டவாளத்தின் வழியே ஓயாது மின்சாரம் பாய்ந்து ரிலேயைப் பிடித்திருக்கும்படி அமைத்தார். வண்டி வந்தால் அதன் சக்கரங்கள் மின்னோட்டத்தைத் திருப்பிவிட, ரிலே விழும். கைகாட்டி ஆபத்தைக் காட்டும். தண்டவாளம் முறிந்தாலும், மின்கலம் தீர்ந்தாலும் அதே விளைவுதான்.

ஏரிக் காவலுக்கும் இதுவே வழி. 'நலம்' என்னும் குறி இடையறாது வந்து ஒரு ரிலேயைத் தாங்கி நிற்கட்டும். குறி நின்றால் அது விழுந்து, காவலரின் அறையில் மணி அடிக்கட்டும். ஊர்ச் சங்கை ஊத வெள்ளத்திற்கென்று வேறொரு ரிலே இருக்கட்டும். பழுதுக்கெல்லாம் சங்கு ஊதினால், மெய்யான வெள்ளத்தன்று எவரும் எழுந்திரார். மழையிரவில் மின்சாரம் நிற்பது வழக்கமாதலின், இரண்டிற்கும் மின்கலத் துணை இன்றியமையாதது.

மதகு மட்டும் இவ்விதிக்கு விலக்கு. கம்பி அறுந்ததற்காக மதகு தானே திறந்தால், பழுதே வெள்ளமாகிவிடும். அது இருந்த நிலையிலேயே நிற்க வேண்டும். ரிலே அழைக்கட்டும், திறப்பதா என்பதை ஆற்றின் நிலையும் ஊரின் நிலையும் அறிந்த மனிதர் முடிவு செய்யட்டும்.